கேள்வி பதில்: தபாலில் போன கல்யாணம்

போன மாதம் ஒரு வாசகர், "நீங்கள் பார்த்ததிலேயே விசித்திரமான தபால் எது?" என்று கேட்டிருந்தார். "அமெரிக்காவில் என் மகன் வீட்டுக்கு வாரம் மூன்று தடவை வந்த சினிமா" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டேன். தப்பு பண்ணிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே பென்ஷன், மணியார்டர், காணாமல் போன பார்சல் எல்லாம் அடுத்த இதழுக்கு.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், 39 வருஷம் தபால் பிரித்தவன். பாதி சர்வீஸ் ஓடும் ரயிலில் நின்றுகொண்டே. 2005-இல் ஓய்வு. 2006-இலும் 2008-இலும் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் இருந்த மகன் வீட்டில் ஆறு ஆறு மாதம் தங்கினேன். தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிய ஒரு கம்பெனிக்கு மகன் சந்தா கட்டியிருந்தான். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த வியாபாரத்தில் அப்போது ஒருவருக்கு மேல் இருந்தார்கள்.

டிவிடியைத் தபாலில் வாடகைக்கு விடுவார்களா? நம்பவே முடியவில்லையே ஐயா. எப்படி?
(ஒரு வாசகி, மன்னார்குடி)

நானும் நம்பவில்லை அம்மா. விமானத்தில் வந்த தூக்கக் கலக்கம்கூடத் தீரவில்லை, மகன் ஓர் உறையைக் கையில் கொடுத்து, "அப்பா, இதுக்குள்ள படம் இருக்கு" என்றான். தொட்டுப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை கனம்கூட இல்லை.

கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான படங்களின் பட்டியல் இருக்கும். பிடித்ததை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் போட்டு வைக்க வேண்டும். மாதம் 18 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 800 ரூபாய். ஒரே சமயத்தில் மூன்று டிவிடி கையில் இருக்கலாம். ஒன்றைத் திருப்பி அனுப்பினால், அது கிடங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் வரிசையில் அடுத்தது கிளம்பும். கெடு கிடையாது, அபராதம் கிடையாது. வந்த உறையிலேயே மேல் மடிப்பைக் கிழித்துவிட்டால் உள்ளே திரும்பிப் போகிற முகவரி. தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை.

தொடங்கி வைத்தவர்கள் கலிபோர்னியாவில் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் என்று இரண்டு பேர். நெட்ஃபிளிக்ஸ் என்று இன்று செல்போனில் பார்க்கிறீர்களே, அது 1998-இல் தபாலில் டிவிடி அனுப்பும் கடையாகத்தான் ஆரம்பித்தது. அதற்கு முந்தின வருஷம் சோதித்துப் பார்க்க அவர்கள் கையில் டிவிடியே கிடைக்கவில்லை. ஒரு பாட்டு சிடியை உறையில் போட்டு ஹேஸ்டிங்ஸின் வீட்டு முகவரிக்கே அனுப்பினார்கள். உடையாமல் வந்து சேர்ந்தது. அந்த ஒரு தபால்தான் மூலதனம் என்று சொல்லலாம். வீடியோ கேசட் என்றால் கால் கிலோவை நெருங்கும், பார்சல் கணக்கு. டிவிடி 16 கிராம்தான். கடித விலையிலேயே போகும். தபால்காரன் புத்தியில் எனக்கு உடனே உறைத்தது அதுதான்.

திருப்பி அனுப்பும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வாசலில் ஒரு கம்பத்தின் மேல் தகரப் பெட்டி, பக்கவாட்டில் சின்னச் சிவப்புக் கொடி. தபாலை உள்ளே வைத்துக் கொடியை நிமிர்த்திவிட்டால் போதும், தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமலே எடுத்துக்கொண்டு, புதிதாக வந்ததை வைத்துவிட்டுப் போவார். காலையில் பல் தேய்த்ததும் கொடியை நிமிர்த்துவது, பகல் இரண்டு மணிக்கு ஜன்னலிலிருந்து கொடி இறங்கிவிட்டதா என்று பார்ப்பது. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்.

நானும் அந்தக் காலத்தில் சந்தாதாரன். ஆரம்பத்தில் டக் டக்கென்று வந்தது, போகப் போக வாரக்கணக்கில் தாமதம். தொலைபேசியில் கேட்டால் தபால் துறையைக் கை காட்டினார்கள். தபால்காரர் என்ற முறையில் உங்கள் தீர்ப்பு?
(ஒரு வாசகர், சன்னிவேல், கலிபோர்னியா)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் சார்.

நாங்கள் வருகிறோம் என்பதற்காகவே மகன் 2006 ஏப்ரலில் சந்தா கட்டினான். பழக்க தோஷம், நான் ஒரு நோட்டுப் போட்டேன். நாலு பத்தி: நாம் அனுப்பிய நாள், "கிடைத்தது" என்று அவர்கள் மின்னஞ்சல் விட்ட நாள், அடுத்த டிவிடி கிளம்பிய நாள், நம் பெட்டிக்கு வந்த நாள். முதல் பக்கத்தில் ஒரு வரி இது: அனுப்பியது ஏப்ரல் 24 திங்கள், கிடைத்தது 25 செவ்வாய், கிளம்பியது 25 செவ்வாய், வந்தது 26 புதன். மூன்றாம் நாள் புதுப் படம். எங்கள் ஆர்.எம்.எஸ்.ஸே தொப்பியைக் கழற்ற வேண்டிய வேகம்.

ஜூலையில் ஒரு வரி: அனுப்பியது 10 திங்கள், கிடைத்தது 12 புதன், கிளம்பியது 13 வியாழன், வந்தது 17 திங்கள். அதுவும் பக்கத்து ஊர்க் கிடங்கிலிருந்து இல்லை, நாட்டின் மறுகோடியிலிருந்து. உறையின் மூலையில் இருந்த அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மே மாதம் 14 டிவிடி வந்தது. ஜூலையில் 8.

மகன் கம்பெனிக்குப் போன் செய்தான். "தபால் தாமதம்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரோ எவரோ நாட்டுத் தபால்காரர்கள்தான், இருந்தாலும் நம் ஜாதி. நாங்கள் டிவிடியைத் திருப்பி அனுப்பும் அந்தப் பக்கத்து ஊர்க் கிடங்கு இருந்த ஊரிலேயே மகனின் நண்பர் ஒருவர் இருந்தார். டிவிடி அனுப்புகிற அதே நாள், அதே பெட்டியில், அவர் முகவரிக்கு ஒரு 24 சென்ட் கார்டும் போட்டேன். நாலு முறை போட்டேன். நாலும் மறுநாள் போய்ச் சேர்ந்தது. நாலு முறையும் டிவிடி மட்டும் இரண்டு நாள், மூன்று நாள் கழித்துத்தான் "கிடைத்தது". ஒரே பை, ஒரே வண்டி. ஒன்றாகப் போன இரண்டு பேரில் ஒருவர் மட்டும் எப்படித் தாமதமாகப் போய்ச் சேருவார்?

காரணம் கணக்கில் இருந்தது. 2006-இல் ஒரு கடிதத்துக்குத் தபால் கூலி 39 சென்ட். போக வர 78. மொத்தமாகப் பிரித்துக் கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அதை விடுங்கள். மாதம் 14 படம் பார்த்தால் தபாலுக்கே கிட்டத்தட்ட 11 டாலர். வாங்குவது 18. மிச்சத்தில் டிவிடி வாங்க வேண்டும், கிடங்கு வாடகை, ஆள் சம்பளம். 14 படம் பார்ப்பவன் வாடிக்கையாளர் இல்லை, நஷ்டம். மாதம் நாலு பார்ப்பவன்தான் தெய்வம்.

திருச்சியில் ஒரு மெஸ் உண்டு. வாசலில் "அளவில்லாச் சாப்பாடு" என்று போர்டு. பொய் இல்லை. ஆனால் நாலாவது தடவை சாதம் கேட்பவன் இலைப் பக்கம் பரிமாறுகிறவர் வரவே மாட்டார். "வேண்டாம்" என்று யாரும் சொல்வதில்லை. அவர் கண்ணில் நாம் படுவதில்லை, அவ்வளவுதான். சாம்பார் வாளி பக்கத்து வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதுவும் அதே.

இது என் சந்தேகம் மட்டும் இல்லை. 2004-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வாடிக்கையாளர் நெட்ஃபிளிக்ஸ் மீது இதே விஷயத்துக்காக வழக்குப் போட்டார். அளவில்லை என்று விளம்பரம் செய்துவிட்டு, அதிகம் பார்ப்பவர்களைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்பது புகார். அதற்குப் பிறகு 2005 தொடக்கத்தில் அவர்களே தங்கள் விதிமுறைகளில், குறைவாக வாங்குபவர்களுக்கு அனுப்புவதில் முன்னுரிமை உண்டு என்று எழுதி வைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் ஆனது. வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதச் சலுகை, வக்கீல்களுக்குச் சுமார் 25 லட்சம் டாலர். எந்த ஊரானாலும் வக்கீல் இலையில் மட்டும் சாம்பார் தவறாமல் விழும்.

எங்கள் கம்பெனியும் அதைத்தான் செய்தது என்று நிரூபிக்க என்னிடம் நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. தபால் குற்றவாளி இல்லை. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

எனக்கு வந்தவற்றில் பாதி உடைந்தே வந்தன. உங்களுக்கு?
(ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி)

பாதி என்பது கொஞ்சம் அதிகம் சார். கோபத்தில் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஆறு மாதத்தில் ஐந்து உடைந்தன, கீறல் விழுந்தவை அதற்கு மேல். சில டிவிடியில் ஜாம் கறை. ஒன்றின் பின்பக்கம் முழுக்கக் குழந்தைக் கை ரேகை. மகன் டூத்பேஸ்ட் தடவித் தேய்ப்பான். சில சமயம் ஓடும்.

விரிசல் ஒரே மாதிரிதான் விழும், கவனித்திருப்பீர்கள். நடுத் துளையின் விளிம்பிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு. டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டரில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டியது. கொஞ்சம் வளையும், ஆனால் வளைத்தபடியே ஓட விட்டால் நடுவில்தான் பிடிப்பு விடும். அமெரிக்கத் தபால் நிலையங்களில் கடிதம் பிரிக்கும் இயந்திரம் மணிக்கு 30,000-க்கு மேல் தள்ளும். உறைகள் பெல்ட்டுகளுக்கு நடுவே நசுங்கி, உருளைகளைச் சுற்றி வளைந்து ஓடும். காகிதத்துக்குச் சரி. டிவிடிக்கு?

அதனால் அங்கே பல இடங்களில் டிவிடி உறைகளைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, கையாலேயே பிரித்தார்கள். இயந்திரம் வந்து என் தொழில் போயிற்று என்று நான் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கண்டத்தில் சினிமா வட்டுக்காக மறுபடியும் கைச் சார்ட்டிங். தபால் துறையின் தணிக்கைக்காரர்கள் 2007-இல் கணக்குப் பார்த்தார்கள். திரும்பி வருகிற டிவிடி உறைகளில் 70 சதவீதம் இயந்திரத்துக்கு ஒத்துவராமல் கைக்குப் போகின்றன, உறைக்கு 17 சென்ட் கூடுதலாக வாங்கு, இல்லை உறையை மாற்றச் சொல் என்று எழுதினார்கள். வீடியோ கேம் வட்டுகளைத் தபாலில் வாடகைக்கு விட்ட கேம்ஃப்ளை என்ற கம்பெனி, "நெட்ஃபிளிக்ஸ் டிவிடியை மட்டும் சும்மா கையால் பிரிக்கிறீர்களே, எங்களுடையதை ஏன் இல்லை?" என்று 2009-இல் தபால் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போயிற்று. 2011-இல் ஆணையம், ஆமாம், பாரபட்சம்தான் என்றது.

எங்கள் வீட்டில் உடைந்த ஐந்தில் மறக்க முடியாதது ஒரு கொலைக் கதை. நீதிமன்றத்தில் சாட்சி கூண்டில் ஏறி, வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார். வாய் மூடவே இல்லை. எடுத்துத் துடைத்துப் போட்டோம், மறுபடியும் அதே வாய். உடைந்ததென்று சொன்னால் இன்னொன்று அனுப்புவார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் அது வந்து சேர எட்டு நாள். அந்த எட்டு நாளும் வீட்டுக்காரி, கொலை செய்தது சமையல்காரன்தான் என்று சாதித்தாள். மருமகள் அண்ணன்காரன் என்றாள். கடைசியில் சாட்சி சொன்ன அந்த ஆளேதான். யாருக்கும் சந்தோஷம் இல்லை.

தபால்காரர்கள் திருடியிருப்பார்களோ?
(பெயர் வேண்டாம், சேலம்)

பெயர் போடாததற்கு நன்றி.

நடந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் ஒரு தபால் ஊழியர் 3,000-க்கு மேல் டிவிடிகளை எடுத்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மூவாயிரம் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார், பார்க்க நேரம் ஏது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆனால் காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் தபால்காரரைப் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் காணாமல் போன ஒன்று, பிறகு சோபாவுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது.

உண்மையான குறை வேறு. திருப்பி அனுப்பினோம் என்பதற்கு நம் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நம் ஊரில் அப்போதெல்லாம் "அண்டர் சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்" என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சில்லறைக் காசு கொடுத்தால், தபாலில் சேர்த்தோம் என்பதற்கு முத்திரை குத்திக் கொடுப்போம். 2011-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அங்கே நாம் அனுப்பியதற்கு அந்தச் சிவப்புக் கொடிதான் சாட்சி.

பனிக்காலத்தில்?
(அதே சேலம்காரர்)

பெட்டியைச் சுற்றிப் பனி மலையாகக் கிடந்தால் தபால் வண்டி நிற்காது. வழியை நாம்தான் வெட்டி வைக்க வேண்டும். 2008 டிசம்பரில் காவிரிக்கரைக்காரன் ஒருவன் குரங்குக் குல்லாவோடு மண்வெட்டி பிடித்தான், ஒரு சினிமாவுக்காக. மகன் பார்த்துவிட்டுத் திட்டினான்.

தமிழ்ப் படம் கிடைத்ததா? அம்மா எப்படிப் பொழுதைப் போக்கினார்கள்?
(ஒரு வாசகி, ஈரோடு)

பட்டியலில் தமிழ்ப் படங்கள் இருந்தன, விரல் விட்டு எண்ணலாம். அதிலும் நல்லதாக ஒன்றைக் குறித்தால் பக்கத்தில் "மிக நீண்ட காத்திருப்பு" என்று காட்டும். அந்தக் கம்பெனியில் மூன்று தரம் உண்டு: கொஞ்சம் காத்திரு, நிறையக் காத்திரு, மிக நிறையக் காத்திரு. வீட்டுக்காரி ஏப்ரலில் குறித்த ஒரு பழைய படம், அக்டோபரில் நாங்கள் ஊருக்குக் கிளம்பும் வரை மூன்றாவது தரத்திலேயே இருந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவளுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் கடைசியில் வரும்.

ஆகவே தமிழுக்கு இந்திய மளிகைக் கடைதான். துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒரு அலமாரி முழுக்கத் தமிழ், தெலுங்குப் படங்கள். ஒன்று ஒன்றரை டாலர். கடைக்காரர் குஜராத்தி, ஒரு படமும் அவருக்குப் புரியாது. ஆனால் எது "ஓடுகிறது" என்று தெரியும். "ஆன்ட்டி, இது எல்லாரும் அழுதுகிட்டே திருப்பிக் கொண்டுவராங்க" என்று இந்தியில் சொல்லி எடுத்துக் கொடுப்பார். வரிசையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கறிவேப்பிலை வாங்கப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மருமகளுக்கு வேறு அவஸ்தை. அவள் ஒரு தொடர் நாடகத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பருவத்துக்கு ஆறு வட்டு. முதலாவது வந்தது, பிறகு மூன்றாவது வந்தது. இரண்டாவது "நிறையக் காத்திரு". கதாநாயகிக்கு எப்படிக் குழந்தை பிறந்தது என்று தெரியாமலே மூன்றாவதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

தபால் டிவிடியில் உங்களுக்கு ஏற்பட்ட பெரிய சங்கடம் எது? மறைக்காமல் சொல்லவும்.
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

மறைக்க என்ன இருக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆனதுதான்.

2005-இல் எங்களுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. மகனால் விடுப்பு எடுத்து வர முடியவில்லை. மாயவரத்து வீடியோக்காரர் போட்டுக் கொடுத்த டிவிடியைப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனோம். நம் ஊர் வட்டு அங்கே டிவியில் ஓடாது, கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஒரு ஆகஸ்ட் ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கலசாபிஷேகத்தில் நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்துப் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். படம் முடிந்தது. மேஜை மேல் கம்பெனி உறை ஒன்று திறந்து கிடந்தது. தூக்கக் கலக்கத்தில் நான் எடுத்து, போட்டு, ஒட்டி, காலையில் கொடியையும் நிமிர்த்திவிட்டேன்.

39 வருஷ சர்வீஸில் ஒரு கடிதத்தைத் தப்பான பையில் போட்டதில்லை என்று பீற்றிக்கொள்பவன் நான்.

மூன்று நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல்: நீங்கள் அனுப்பிய உறையில் எங்கள் வட்டு இல்லை. மகன் போன் போட்டான். எதிர்முனையில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள்.

"படத்தின் பெயர் என்ன?"

"பெயர் இல்லை. அது கல்யாண வீடியோ."

"உங்கள் கல்யாணமா? வாழ்த்துகள்."

"இல்லை, என் அப்பா அம்மாவுடையது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "போன வருஷம்தான் நடந்தது" என்று மகன் சேர்த்துக்கொண்டான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வட்டின் மேல் வீடியோக்காரர் ஸ்கெட்ச் பேனாவில் தமிழில் "60-ம் கல்யாணம், பார்ட் 1" என்று எழுதியிருந்தார். அதை அவளுக்கு எப்படி விவரிப்பது? "அதில் 60 என்று எழுதியிருக்கும், மிச்சம் உங்களுக்குப் படிக்க வராது" என்றான். தேடிப் பார்க்கிறோம், கிடைத்தால் அனுப்புகிறோம் என்றாள்.

கிடைக்கவில்லை. அவர்களுடைய வட்டைத் திருப்பி அனுப்பி, அது போய்ச் சேர்ந்து, கணக்கு நேராக ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை எங்கள் மூன்று இடத்தில் ஒன்று அடைபட்டுக் கிடந்தது. அந்த மாதம் படம் குறைந்ததற்குக் கம்பெனியைச் சொல்ல முடியாது, நோட்டில் நேர்மையாக எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சொன்னது: "யார் வீட்டுக்காவது படம்னு போயிருக்கும். நீங்க நடுங்கறதை உக்காந்து பார்த்துண்டிருப்பா." மாயவரத்தில் டேப் இருந்தது. திரும்பி வந்ததும் 300 ரூபாய் கொடுத்து மறுபடி போட்டுக்கொண்டோம்.

அபராதமே இல்லை என்கிறீர்கள். அப்புறம் என்ன குறை? நானாக இருந்தால் ஒரு டிவிடியை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வேன்.
(ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

தம்பி, அதற்குத்தான் அவர்கள் காத்திருப்பார்கள்.

என் மகன் ஒரு படம் வரவழைத்தான். மூன்று மணி நேரம், கறுப்பு வெள்ளை, உலகமே புகழ்ந்த படம். பார்க்கத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆனால் இன்றைக்கு வேண்டாம் என்றும் எல்லாருக்கும் தோன்றும். ஜூனில் டிவி மேல் உட்கார்ந்தது. அதன்மேல் சாவிக்கொத்து, மின்சாரக் கட்டண ரசீது, பிறகு ஒரு திருநீற்றுப் பொட்டலம். நாங்கள் அக்டோபரில் கிளம்பும்போதும் அங்கேயே. மூன்றில் ஓர் இடம், மாதம் 6 டாலர். நாலு மாதத்துக்கு 24 டாலர் வாடகை கட்டி ஒரு சாவி ஸ்டாண்ட். கடையில் அந்தப் படத்தைச் சொந்தமாகவே வாங்கியிருக்கலாம்.

ஹேஸ்டிங்ஸ் ஒரு வீடியோ கடையில் 40 டாலர் தாமத அபராதம் கட்டினாராம், அந்தக் கடுப்பில்தான் இந்தத் தொழிலே பிறந்தது என்று கதை ஒன்று உண்டு. கூட்டாளி ராண்டால்ஃப், அது விளக்கிச் சொல்வதற்கு வசதியான கதை, அப்படி எல்லாம் நடந்து தொடங்கவில்லை என்று பிறகு சொல்லிவிட்டார். அபராதம் என்று வாங்கினால் உனக்குக் கோபம் வரும். சந்தா என்று வாங்கினால் வராது.

நம் நாட்டில் ஏன் இது வரவில்லை?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

வந்தது. பெங்களூரில் செவன்ட்டிஎம்எம் என்று ஒரு கம்பெனி 2000-களின் நடுவில் ஆரம்பித்தது. 2008-இல் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமம் பிக்ஃபிளிக்ஸ் என்று இறங்கியது. ஆனால் இவர்கள் தபாலை நம்பவில்லை. பைக்கில் பையன் வந்து கொடுத்துவிட்டு, பழையதை வாங்கிக்கொண்டு போவான். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் நியாயம் இருக்கிறது. நம் ஊர்த் தபால் பையில் டிவிடியைப் போட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ரயில் இரண்டு நிமிஷம் நிற்கிற ஸ்டேஷனில் பையை நாங்கள் இறக்குவதில்லை ஐயா, எறிவோம்.

அதுவும் போக, உறையூரில் தெருமுனை சிடி கடையில் பத்து ரூபாய் வாடகை. திருட்டு டிவிடி முப்பது ரூபாய்க்கு, ஒரே தட்டில் நாலு படம். மாதச் சந்தா கட்டி யார் காத்திருப்பார்கள்?

எல்லாமே செல்போனில் வருகிறபோது இந்தப் பழங்கதை எதற்கு? அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?
(ஒரு வாசகி, சென்னை)

நியாயமான கேள்வி. நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடைசி டிவிடி உறையை அனுப்பிவிட்டுக் கடையைக் கட்டியது. 25 வருஷத்தில் 500 கோடிக்கு மேல் வட்டுகள் அனுப்பியிருக்கிறார்கள். கடைசியாகக் கையில் இருந்தவற்றை வாடிக்கையாளர்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். தாமதமும் உடைசலும் போய்த் தொலைந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த பழைய படங்களில் பலவற்றை இப்போது பேரன் செல்போனில் தேடினால் கிடைப்பதில்லை. "மிக நிறையக் காத்திரு" என்றாவது அப்போது போட்டார்கள். இப்போது படம் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

நோட்டு இருக்கிறது. நாற்பது பக்கம், ரேனால்ட்ஸ் பேனா. ஆசிரியர் பார்க்க வேண்டும் என்றார், ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன், ரசீதோடு. எல்லா வரியிலும் நாலு பத்தியும் நிரம்பியிருக்கும், ஒன்றைத் தவிர. அதில் அனுப்பியது 2006 ஆகஸ்ட் 9, புதன். படத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வீட்டுக்காரியின் கையெழுத்தில் "நம்ம கல்யாணம்" என்று இருக்கிறது. வந்த நாள் பத்தி காலி.

(அடுத்த இதழில்: மணியார்டர் கூப்பனில் எழுதியனுப்பிய செய்திகள். உங்களிடம் பழைய கூப்பன் இருந்தால் நகல் மட்டும் அனுப்பவும். அசலை அனுப்ப வேண்டாம்.)